‘நிறுத்து’ என்று சொல்ல இடம் இருக்கிறதா?



துவக்கைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத வேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. வெடிச்சத்தம் கேட்காத ஓர் இரவுக்காக எத்தனை வருடம் காத்திருந்தவர்கள் நாங்கள். ஆனாலும் சென்ற வருடம் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் இருக்கும் என் தங்கையோடு மூன்று மாதம் நின்றபோது கண்டதை உங்களோடு பகிர வேண்டும் போல் இருக்கிறது.

தங்கைக்கு எரிபொருள் நிரப்பு நிலையத்துக் கடையில் இரவு வேலை. கணவர் லொறி ஓட்டுபவர். கிழமையில் நாலு நாள் வீட்டில் இல்லை. பன்னிரண்டு வயதில் ஒரு மகள், ஏழு வயதில் ஒரு மகன். நான் போவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒருவன் கத்தியுடன் கடைக்குள் வந்து காசை அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். அவளுக்குக் காயம் எதுவும் இல்லை. ஆனால் அன்றோடு நித்திரை போய்விட்டது.

“பிஸ்டல் சுடப் பழகப் போறன் அக்கா” என்றாள்.

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்த பிள்ளை நீ. அதையே வீட்டுக்குள்ளை கொண்டு வரப் போறியோ?”

“ஓடி ஓடிக் களைச்சுப் போனன் அக்கா. இனி எங்கை ஓடுறது?”

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. “பழகுறதெண்டால் நல்ல இடமாப் பார்த்துப் பழகு. நானும் வாறன்” என்று மட்டும் சொன்னேன்.

அந்த மாநிலத்தில் துவக்கு வைத்திருக்க விரும்புபவர் முதலில் மாநிலப் பொலிஸார் வழங்கும் அடையாள அட்டையைப் பெற வேண்டும். வெளியே உடையில் மறைத்துக் கொண்டு செல்வதற்கு வேறு அனுமதிப்பத்திரம். அதற்குப் 16 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். முடிவில் 5, 7, 10 யார் தூரங்களில் நின்று பத்துப் பத்தாக 30 ரவைகள் சுட வேண்டும். 70 வீதம் இலக்கில் பட்டால்தான் தேர்ச்சி. ஆனால் எங்கே, யாரிடம் பழகுவது என்று சட்டம் தெரிவு செய்து தருவதில்லை. அதை அவளேதான் பார்க்க வேண்டும். சுற்றுலா விசாவில் போனவர்கள் துவக்கைத் தொடுவதற்குப் பொதுவாகச் சட்டம் இடம் கொடாது. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவள் மட்டும்தான்.

முதலில் வீட்டுக்குக் கிட்ட இருந்த சூட்டுப் பயிற்சிக்கூடத்துக்குப் போனோம். கட்டணமும் குறைவு. உள்ளே போனதும் புகை நெடி தொண்டையில் பிடித்தது. முன்னால் நின்றவர் இவள் யார், முன்பு பழகியவளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பெண்களுக்கு ஏற்றது” என்று சொல்லி ஒரு சிறிய பிஸ்டலை எடுத்து விலை பேசத் தொடங்கினார். உள்ளே ஒரு பொடியன் கையில் பிஸ்டலோடு அப்படியே திரும்பிச் சிநேகிதனோடு சிரித்துக் கதைத்தான். அதன் வாய் எங்கள் பக்கம் இருந்தது. அதட்ட ஓர் ஆள் இல்லை. நான் தங்கையின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டேன்.

இரண்டாவது இடம் ஒரு மணித்தியால ஓட்டம். திறந்த வெளி, நல்ல காற்று, பின்னால் உயர்ந்த மண் அணை. ஒழுங்கும் இருந்தது. ஆனால் அது ஏற்கெனவே பழகியவர்கள் போட்டிக்காக வந்து சுடும் இடம். புதிதாக வருபவருக்குச் சொல்லித் தர ஒருவரும் இல்லை.

மூன்றாவது இடத்தில் பயிற்றுநர் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். தங்கை பணத்தை எடுத்தபோது, “முதலில் இருந்து கதைப்போம்” என்றார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? பிள்ளைகளுக்கு எத்தனை வயது? பூட்டி வைக்க என்ன வசதி? வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு உண்டா? இவற்றை எல்லாம் கேட்டார். அமெரிக்காவில் துவக்கால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே மாய்த்துக் கொள்பவர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். “கடைக்குள் வருபவன் காசைக் கேட்டால் கொடுத்து விடு. கதவைப் பூட்டு, விலகிப் போ, 911க்கு அழை. எதுவும் முடியாத இடத்துக்குத்தான் நான் சொல்லித் தருவது” என்றார். துவக்கு விற்கும் பேச்சே எடுக்கவில்லை.

முதல் நாள் வகுப்பில் ஆறு பெண்கள், இரண்டு உதவியாளர்கள். ரவை ஒன்றுகூட மேசைக்கு வரவில்லை. சுட முடியாத நீல நிறப் பிளாஸ்ரிக் பிஸ்டலை வைத்துத்தான் பாடம். எந்தத் துவக்கையும் ரவை இருப்பதாகவே எண்ணிக் கையாள வேண்டும். அழிக்க விரும்பாத எதையும் நோக்கி அதன் வாயைத் திருப்பக்கூடாது. குறி பார்க்கும் வரை விரல் விசையில் போகக்கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக்கூடாது. இந்த நாலையும் ஆறு பேரும் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு நெஞ்சு அடைத்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்திருந்தால் எங்கள் ஊரில் எத்தனை பேர் இன்று இருந்திருப்பார்கள்!

உடல் நலத்தையும் சேர்த்தே சொல்லித் தந்தார்கள். பெரும்பாலான ரவைகளில் ஈயம் உண்டு. சுடும்போது அது நுண்ணிய தூளாகக் காற்றில் கலக்கும். அதனால் நல்ல கூடத்தில் காற்று சுடுபவரின் முதுகுப் பக்கத்தில் இருந்து இலக்குப் பக்கம் ஓடும்படி விசிறிகள் இருக்கும். அங்கே தண்ணீரும் குடிக்கக்கூடாது, ஒன்றும் சாப்பிடவும் கூடாது. முடிந்ததும் கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வீட்டில் உடுப்பை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த உடுப்பைத் தனியாகத் தோய்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் போகாமல் இருப்பதே நல்லது. பிஸ்டல் வெடி 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில் காது கெடலாம். ஆகவே காதுக்குள் அடைப்பானும் மேலே காதுமூடியும் இரண்டும் போடச் சொன்னார்கள்.

இரண்டாம் நாள்தான் உண்மையான சூடு. தங்கை யுத்தத்துக்குள் இருந்தவள் என்று பயிற்றுநருக்குத் தெரியும். அதனால் ஆட்கள் குறைந்த நேரமாக, ஓரத்து இடமாகப் பார்த்துக் கொடுத்திருந்தார். சத்தமும் உதைப்பும் குறைந்த சிறிய பிஸ்டல் அவளுக்கு முன்னால் மேசையில் இருந்தது. அவள் அதைத் தொடமுன் பக்கத்தில் யாரோ பெரிய துவக்கால் சுட்டார்கள். தங்கை அப்படியே நிலத்தில் விழுந்து தலையைப் பொத்திக் கொண்டாள், பங்கருக்குள் குந்தியிருப்பது போல. கண்ணாடிக்கு வெளியே எனக்கும் கால் மடிந்தது.

பயிற்றுநர் கையை உயர்த்தி “சீஸ் பயர்!” என்று கத்தினார். அவ்வளவுதான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் துவக்கை வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றார்கள். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. தங்கை எழும்பி, தண்ணீர் குடித்து, மூச்சு வரும்வரை எல்லோரும் காத்து நின்றார்கள்.

பிறகுதான் அந்த விதியைப் பயிற்றுநர் எனக்கு விளக்கினார். ஆபத்தைக் கண்டால் அந்தச் சொல்லை அங்கே நிற்கும் எவரும் கத்தலாம். அதிகாரிதான் சொல்ல வேண்டும் என்றில்லை. முதல் நாள் வந்தவள் சொன்னாலும் எல்லாத் துவக்கும் அந்தக் கணமே நிற்க வேண்டும்.

எனக்கு 2002 பெப்ரவரி 22 நினைவுக்கு வந்தது. அன்று போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானபோது நாங்கள் எவ்வளவு சந்தோசப்பட்டோம். பிறகு மீண்டும் சண்டை தொடங்கியபோது “நிறுத்துங்கோ” என்று கத்தாத தாய் யார்? ஒருவருக்கும் அது கேட்கவில்லை. ஒரு சாதாரணப் பெண்ணின் சத்தத்துக்குத் துவக்குகள் நிற்கும் இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

தங்கை பயிற்சியை முடித்தாள். பிஸ்டல் இன்னும் வாங்கவில்லை. வாங்குவதானால் ரவை வேறு, துவக்கு வேறாகப் பூட்டி வைக்க வழி செய்த பிறகுதான் என்கிறாள். கடை முதலாளியிடம் போய், “இரவில் தனியே நிற்கமாட்டன்” என்று துணிந்து சொல்லிவிட்டாள். இப்போது இரண்டு பேர் நிற்கிறார்கள். நித்திரையும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. அவளுக்கு அதைக் கொடுத்தது துவக்கா, அந்தத் துணிவா என்று என்னைக் கேட்டால், துணிவுதான் என்பேன். அவள் என்ன சொல்வாளோ தெரியாது.

எங்கள் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கராத்தே, தற்காப்பு வகுப்பு என்று உங்கள் பிள்ளைகளை அனுப்புகிறீர்கள். நீங்களும் போக விரும்புகிறீர்கள். பணம் கட்டுமுன் ஒரு நாள் போய் இருந்து பாருங்கள். இவற்றைக் கேளுங்கள்:

சொல்லித் தருபவர் எங்கே பழகியவர்? ஒருவருக்கு எத்தனை மாணவர்? பெண் உதவியாளர் உண்டா? தாய் உள்ளே இருந்து பார்க்கலாமா? அடிக்க மட்டும் சொல்லித் தருகிறார்களா, அல்லது விலகவும், சத்தம் போடவும், உதவி கேட்கவும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்களா? உடம்பாலோ மனதாலோ காயப்பட்டவள் என்று தெரிந்தால் எப்படி நடத்துகிறார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை “நிறுத்துங்கோ” என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துகிறார்களா?

கடைசிக் கேள்விக்கு ‘ஓம்’ என்று பதில் வராத இடத்துக்கு, கட்டணம் இல்லாவிட்டாலும் போக வேண்டாம்.

வீட்டுக்குள்ளேயே அடியும் மிரட்டலும் என்றால் வகுப்பு முடியும்வரை காத்திருக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். அதுவும் ‘நிறுத்து’ என்று சொல்வதுதான்.

அடுத்த மாதம் சந்திப்போம்.