கணக்கெடுப்புக்குக் காத்திருக்கும் எல்லை மண்டலம்: பாலசமுத்திரத்தின் தாய்மொழி எது?

பாலசமுத்திரம் (சித்தூர் மாவட்டம்): 2027 பிப்ரவரியில் நடைபெறவுள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஆந்திர - தமிழக எல்லையில் உள்ள பாலசமுத்திரம் போன்ற ஊர்களுக்கு வெறும் தலைக்கணக்கு அன்று. 2011-க்குப் பிறகு 16 ஆண்டுகள் கழித்து, தங்கள் வீட்டில் எந்த மொழி பேசப்படுகிறது என்பதை அரசுக்கு முறையாகத் தெரிவிக்க இம்மக்களுக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பு அது. அந்த ஒற்றை விடையைப் பொறுத்தே, பள்ளிகளில் தமிழ்ப் பிரிவு தொடர்வதும் மறைவதும் பெருமளவு அமையும்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு தெளிவு தேவைப்படுகிறது. பாலசமுத்திரம் என்ற பெயரில் தென்னிந்தியாவில் பல ஊர்கள் உள்ளன. பழனிக்கு அருகே திண்டுக்கல் மாவட்டத்தில் இருப்பது ஒரு பேரூராட்சி. பிரதமர் நரேந்திர மோடி 2024 ஜனவரி 16 அன்று சுங்கம், மறைமுக வரிகள் மற்றும் போதைப்பொருள் தடுப்புக்கான தேசிய அகாதெமியைத் திறந்துவைத்த பாலசமுத்திரம், ஸ்ரீ சத்ய சாய் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கு பேசப்படுவது அவை இரண்டுமல்ல. தமிழகத்தின் பள்ளிப்பட்டு, சோளிங்கர் வட்டாரங்களை ஒட்டி, கங்காதர நெல்லூர் (தனி) சட்டப்பேரவைத் தொகுதிக்குள் அடங்கிய சிறிய மண்டலத் தலைமையிடம் இது. பெயரிலுள்ள 'சமுத்திரம்' கடலைக் குறிப்பதன்று. அம்பாசமுத்திரம் முதலான ஊர்ப்பெயர்களில் உள்ளதுபோல் பெரிய ஏரியைச் சுட்டுவது. மழையை நம்பிய இந்த வறண்ட நிலத்தில், ஏரியைக் கடலென்று அழைத்தவர்களின் ஆசை புரிந்துகொள்ளத் தக்கதே.

என்.டி. ராமாராவ் ஆட்சியில் 1985-இல் தாலுகாக்கள் பிரிக்கப்பட்டு மண்டல முறை வந்தபோது, இத்தகைய சிற்றூர்கள் பலவும் அலுவலகங்கள் கொண்ட ஊர்களாயின. ஆனால் கணக்கெடுப்புத் துறையின் வரையறை வேறு. குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்னும் அடர்த்தி, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினர் வேளாண்மைக்கு வெளியே இருத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால்தான், நகராட்சி இல்லாத ஓர் ஊர் 'நகரம்' எனக் கணக்கில் ஏறும். மூன்றாவது நிபந்தனையே இவ்வட்டாரத்து ஊர்களைக் கிராமங்களாகவே நிறுத்திவைத்திருக்கிறது. கடைத்தெருவும் வங்கியும் பேருந்து நிறுத்தமும் வந்துவிட்டாலும், வீட்டு வருமானம் இன்னும் மாவிலும் நிலக்கடலையிலும் கரும்பிலும் கறவை மாட்டிலும்தான் இருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி பிரிக்கப்படாத சித்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 41,74,064. 2001-இல் இது 37,45,875 ஆக இருந்தது. 1,000 ஆண்களுக்கு 997 பெண்கள் என்ற விகிதமும் 71.53 விழுக்காடு எழுத்தறிவும் பதிவாயின. அந்த மாவட்டம் இன்று அதே வடிவில் இல்லை. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆக்கப்பட்டபோது, சத்தியவேடு, ஸ்ரீகாளஹஸ்தி, புத்தூர் ஆகிய பகுதிகள் புதிய திருப்பதி மாவட்டத்துக்குச் சென்றன. பாலசமுத்திரம் சித்தூரிலேயே தங்கியது. எனவே பழைய எண்களை இன்றைய எல்லைகளோடு ஒப்பிடுபவர் எவரும் கவனமாக இருக்க வேண்டியுள்ளது.

ஒரு ஜமீன், இரு மாநிலங்கள்

இவ்வட்டாரத்தின் கதை 1960-இல் தொடங்கவில்லை. ஆனால் இன்றைய சிக்கல் அங்குதான் தொடங்குகிறது. வடஆர்க்காடு மாவட்டத்தின் பகுதியாயிருந்த கார்வேட்டிநகரம் ஜமீனில் திருத்தணியும் அடக்கம். 1911 ஏப்ரல் 1-இல் சித்தூர் தனி மாவட்டமானது. பொட்டி ஸ்ரீராமுலுவின் உண்ணாநோன்பு மரணத்தைத் தொடர்ந்து 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் உருவானபோது, மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் தலைமையிலான வடக்கெல்லைப் போராட்டமும் எதிர்ப்போராட்டங்களும் நிகழ்ந்தன. பின்னர் எச்.வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். கிராமத்தை அலகாகக் கொண்டு, மொழிப் பெரும்பான்மையையும் நிலத் தொடர்ச்சியையும் அவர் அளவுகோல்களாக்கினார். அதன் அடிப்படையில் இயற்றப்பட்ட 1959-ஆம் ஆண்டுச் சட்டம், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியையும் பள்ளிப்பட்டுப் பகுதியையும் சென்னை மாநிலத்துக்கு அளித்தது. ஈடாகச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன.

கோடு கிராமங்களைப் பிரித்தது. குடும்பங்களைப் பிரிக்க இயலவில்லை. கோட்டுக்கு அப்பால் தெலுங்கு பேசும் குடும்பங்களும், இப்பால் தமிழ் பேசும் குடும்பங்களும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரு பக்கமும் நடக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குச் சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து திருத்தணி மலைக்குக் காவடிகள் செல்கின்றன. திரௌபதி அம்மன் கோயில் விழாவும் பாரதக் கூத்தும் எல்லையின் இரு புறத்திலும் வழங்குகின்றன. எலும்பு முறிந்தால் 'புத்தூர்க் கட்டு' நாடிச் செல்வதில் சென்னைவாசிக்கும் சித்தூர்க்காரருக்கும் வேறுபாடில்லை.

ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்பதை அன்றாட வாழ்க்கை நினைவூட்டாமல் விடுவதில்லை. அதற்குப் பேருந்துக் கட்டணமே நல்ல சான்று. தமிழக அரசு 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அளித்துவருகிறது. ஆந்திர அரசு 2025 ஆகஸ்ட் 15 அன்று 'ஸ்த்ரீ சக்தி' என்ற பெயரில் அதே சலுகையைப் 'பல்லெ வெலுகு' முதலான பேருந்துகளில் தொடங்கியது. மாநிலங்களுக்கு இடையிலான பேருந்துகளுக்கு அது பொருந்தாது. ஆக, தொலைவில் உள்ள சித்தூருக்கும் திருப்பதிக்கும் ஆந்திரப் பேருந்தில் இலவசமாகச் செல்லும் ஒரு பெண், அருகிலுள்ள பள்ளிப்பட்டுச் சந்தைக்கு எல்லை தாண்டும் பேருந்தில் செல்லும்போது பணம் கொடுக்க வேண்டும். சந்தைக்குச் செல்லும் திசையையே இத்தகைய சலுகைகள் காலப்போக்கில் மாற்றிவிடக் கூடும் என்பது என் கணிப்பு.

ஓய்வூதியமும் அப்படியே. ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் முதியோர் ஓய்வூதியம் மாதம் 4,000 ரூபாய். தமிழகத்தில் 1,200 ரூபாய். மறுபுறம், தமிழகத்தில் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு 2023 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை கிடைக்கிறது. சில கிலோமீட்டர் இடைவெளியில் வாழும் அக்காளும் தங்கையும் ஒரே முதுமையை இரு வேறு தொகைகளோடு கடக்கிறார்கள்.

இந்த முதுமை இனிப் பெருகவே செய்யும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆந்திரத்தின் மொத்தக் கருவள விகிதம் 1.7, தமிழகத்தில் 1.8. இரண்டும் மக்கள்தொகை நிலைத்திருக்கத் தேவையான 2.1-க்குக் கீழ். முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு கூடுதல் குழந்தைகள் வேண்டும் எனப் பேசிவருவதும், உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிட இரு குழந்தை வரம்பு விதித்திருந்த சட்டப்பிரிவை ஆந்திரப் பேரவை 2024 நவம்பரில் நீக்கியதும் இப்பின்னணியில்தான். இளைஞர்கள் ஸ்ரீசிட்டி, ஸ்ரீபெரும்புதூர், ராணிப்பேட்டை, சென்னை, பெங்களூரு எனப் பிழைப்புத் தேடி வெளியேறும் எல்லைக் கிராமங்களில், குறைந்த பிறப்பின் விளைவு மாநிலச் சராசரியைவிட முன்னதாகவே கண்ணுக்குத் தெரியும். பள்ளியில் ஒரு வகுப்புக்குரிய பிள்ளைகள் குறைவதே அதன் முதல் அடையாளம்.

மாவும் ஆறும்

2025-ஆம் ஆண்டின் மாம்பழப் பருவம், எல்லை என்பது விவசாயிக்கு என்ன என்பதைக் காட்டியது. சித்தூர் மாவட்டத்தின் மாந்தோப்புகளில் பெரும்பங்கு வகிப்பது தோத்தாபுரி. தமிழகத்தில் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் அதே இரகம். மாங்கூழ் ஆலைகளை நம்பியே அது பயிரிடப்படுகிறது. ஆலைகளில் முந்தைய ஆண்டின் கூழ் தேங்கியதால் விலை சரிந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் என ஆந்திர அரசு நிர்ணயித்தது: ஆலைகள் 8 ரூபாய், அரசு மானியம் 4 ரூபாய். ஆலைகள் பலவும் 8 ரூபாய் தரவில்லை என விவசாயிகள் குற்றம்சாட்டினர்.

உள்ளூர்க் காய்க்கு விலை காக்கவென, ஜூன் 7 அன்று சித்தூர் மாவட்ட ஆட்சியர் பிற மாநிலத் தோத்தாபுரி மாவட்டத்துக்குள் வரத் தடை விதித்தார். எல்லைச் சோதனைச் சாவடிகளில் வருவாய், காவல், வனம், சந்தைப்படுத்தல் துறையினர் நிறுத்தப்பட்டனர். கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா ஜூன் 11 அன்று சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். இறுதியில் மத்திய அரசு விலைக் குறைவை ஈடுசெய்யும் திட்டத்தின்கீழ் ஆந்திர மாங்காய்க்கு உதவி அறிவித்தது. கிருஷ்ணகிரி விவசாயிகளும் அதே சரிவில்தான் சிக்கியிருந்தனர். தோப்பும் ஆலையும் சந்தையும் மூன்று மாநிலங்களில் ஒரே வலையாகப் பின்னிக் கிடக்கும்போது, ஒரு மாவட்ட ஆணையால் விலையைக் கட்டிக்காக்க முயல்வது தற்காலிக ஆறுதலாக மட்டுமே இருக்க முடியும்.

நீரும் அவ்வாறே எல்லை பாராது ஓடுகிறது. கார்வேட்டிநகரம் அருகேயுள்ள கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறக்கப்பட்டால், கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் பெருகிப் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் மூழ்கும், கிராமங்கள் துண்டிக்கப்படும், பிறகு அந்நீர் பூண்டி ஏரி வழியே சென்னையின் குடிநீராகும். ஆற்றின் 3,727 சதுர கிலோமீட்டர் வடிநிலத்தில் 877 சதுர கிலோமீட்டர் ஆந்திரத்தில் உள்ளது. ஆந்திரம் இவ்வாற்றின் குறுக்கே கத்தரப்பள்ளி, மொக்கலகண்டிகை ஆகிய இடங்களில் நீர்த்தேக்கங்கள் கட்ட முனைந்தபோது, 2022 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எதிர்ப்புத் தெரிவித்து எழுதினார். மேலே உள்ளவருக்குக் கோடையில் நீர் வேண்டும். கீழே உள்ளவருக்கு நகரம் வாழ நீர் வேண்டும். இரண்டும் நியாயமான தேவைகள் என்பதே இதைக் கடினமாக்குகிறது.

ஒற்றை விடையின் எடை

மீண்டும் மொழிக்கு வருவோம். கணக்கெடுப்பில் தாய்மொழி என்பதற்கு ஒரு திட்டவட்டமான பொருள் உண்டு: ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழி. தாய் குழந்தைப் பருவத்திலேயே இறந்திருந்தால், வீட்டில் முதன்மையாகப் பேசப்பட்ட மொழி. பள்ளியில் படித்த மொழியோ, சாதியின் மரபு மொழியோ, மாநிலத்தின் ஆட்சிமொழியோ அன்று. அதற்கடுத்து, அறிந்த பிற மொழிகள் இரண்டு வரை பதியலாம்.

எல்லை ஊர்களில் இந்த வரையறை தடுமாறுகிறது. தாய் தமிழிலும் தந்தை தெலுங்கிலும் பேச, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து வளரும் குழந்தைக்கு எதை எழுதுவது? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஒரு சொல்லுக்கு ஈடான மறுசொல்லைத் தேடிக்கொண்டிருக்க, இங்குள்ளவர்கள் அந்தத் தேவையே இன்றி இரு மொழிகளையும் ஒன்றாகப் பேசிவிடுகிறார்கள். படிவம் அதை ஏற்காது.

2011-இல் பிரிக்கப்படாத ஆந்திரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர். தமிழகத்தில் தெலுங்கைக் குறித்தவர்கள் சுமார் 42 லட்சம் பேர். இவ்வெண்கள் பெருமைக்கானவை மட்டுமல்ல. அரசமைப்பின் 350அ பிரிவு, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கான வசதியை மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு அளிக்குமாறு மாநிலங்களுக்குக் கூறுகிறது. பள்ளியில் 40 பேர், அல்லது வகுப்பில் 10 பேர் இருந்தால் அம்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பது 1949 முதல் வழங்கிவரும் அளவுகோல். ஒரு பகுதியில் சிறுபான்மை மொழியினர் 15 விழுக்காடு எட்டினால், அரசு அறிவிப்புகளை அம்மொழியிலும் வெளியிட வேண்டும் என்பதும் ஏற்கப்பட்ட நெறி.

பிறப்பு குறைந்து, ஆங்கில வழிக்குப் பெற்றோர் திரும்பும் காலத்தில் இந்த 10, 40 என்னும் எண்களை எட்டுவதே பல இடங்களில் அரிதாகிவருகிறது. 2019 நவம்பரில் அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆந்திரம் பிறப்பித்த ஆணையை 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இரத்து செய்தது. எனினும் பெற்றோரின் விருப்பம் ஆங்கிலத்தின் பக்கமே சாய்கிறது. எல்லைக்கு அப்பால் தமிழகத் தெலுங்கு வழிப் பள்ளிகளும் 2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பின் இதே கவலையைப் பேசிவருகின்றன. ஒரு பக்கத்தில் தமிழ் தேய்வதற்காக வருந்துபவர்கள், மறுபக்கத்தில் தெலுங்கு தேய்வதையும் அதே கண்ணோடு காண வேண்டும் என்பதே நேர்மை.

2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அறிவிக்கப்பட்டுள்ள வீட்டுப் பட்டியல் கட்டத்தில் கூரை, குடிநீர், கழிப்பறை பற்றிய கேள்விகளே உண்டு. மொழி, சாதி, இடப்பெயர்வு ஆகியவை 2027 பிப்ரவரியில் வரும். கணக்கெடுப்பாளர்களாக வருபவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். தெலுங்கில் பேச்சைத் தொடங்கும் அவர்களிடம் தெலுங்கிலேயே விடை சொல்லிப் பழகிய தமிழ்க் குடும்பங்கள், தாய்மொழிக் கேள்விக்கும் அதே ஓட்டத்தில் 'தெலுகு' என்று சொல்லிவிடுவது எளிது. பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். எல்லை மண்டலங்களுக்கு இரு மொழியும் அறிந்த கணக்கெடுப்பாளர்களை அனுப்புவதும், 'அறிந்த பிற மொழிகள்' என்ற பகுதியைக் கேட்டு நிரப்பப் பயிற்சி அளிப்பதும் மாவட்ட நிர்வாகங்களின் கையில் உள்ளன. அதற்குத் தனிச் சட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை.