வாய்தா தேதி தெரிந்துகொள்ளவும் காசா?



"கோர்ட் சமாச்சாரம் நமக்கெதுக்கு சார், வக்கீல் பார்த்துக்குவார்." இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. என்னிடம் படித்த ஒருவர், தன் வீட்டுமனை வழக்கின் அடுத்த வாய்தா என்றைக்கு என்று அறிய ஓர் இடைத்தரகருக்கு 500 ரூபாய் கொடுத்திருக்கிறார். எஸ்டேட் கூலியில் அது எத்தனை மணி நேர உழைப்பு! அந்தத் தகவல் இலவசம்.

ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. அதை இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ போட்டால் வாய்தா தேதி, வழக்கின் நிலை, பதிவேற்றிய உத்தரவுகள் எல்லாம் வரும். எண் தெரியாவிட்டால் கட்சிக்காரர் பெயரைப் போட்டும் தேடலாம். ஊட்டி மாவட்ட நீதிமன்றமானாலும் குன்னூர், கூடலூர் கோர்ட்டானாலும் வழி ஒன்றுதான்.

இதில் அலட்சியம் கூடாது. வாய்தாவுக்குப் போகாமல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பானால், அதை ரத்து செய்யக் கேட்க தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாள்தான். சம்மன் முறையாக வராதவருக்கு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு என்றாலும் 30 நாள்தான். தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆகும் நாட்கள் அந்தக் கெடுவில் கழிக்கப்படும். அதனால் தீர்ப்பு வந்ததும் நகல் மனு போட்டுவிடுங்கள். "குமாஸ்தா வாங்கித் தருவார்" என்று காத்திருப்பவரின் நாட்களை யாரும் கழிக்க மாட்டார்கள்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். நீதிமன்றம் திறந்த இடம் என்று சிவில் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. யாரும் உள்ளே போய் உட்கார்ந்து விசாரணையைக் கேட்கலாம். ஆனால் அதே வழக்கின் கட்டிலிருந்து ஒரு நகல் கேட்டால், கட்சிக்காரர் அல்லாதவர் காரணம் சொல்லி மனு போட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கவும் வழியில்லை. நீதிமன்ற விதிப்படிதான் கேட்க வேண்டும் என்று 2020-ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பை மதிக்கிறேன், நியாயத்தை ஏற்கவில்லை. பாலியல் வழக்கு, குடும்ப வழக்கு, குழந்தைகள் வழக்குகளை மறைப்பது சரி. நிலத் தகராறுக்கும் ஏன் அந்தத் திரை? காதால் கேட்கலாம், காகிதத்தில் பார்க்க மட்டும் காரணம் வேண்டும் என்பது எந்தக் கணக்கு?

நம் மலையையே பாருங்கள். 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்திலிருந்து கிளம்பிய கொயல்ஹோ வழக்கில், 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். கூடலூர்க்காரர்களில் எத்தனை பேர் படித்திருப்போம்?

கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு 1976-லேயே சட்டத்திருத்தம் வந்துவிட்டது. தமிழில் கேளுங்கள், தமிழில் எழுதிக் கொடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

வக்கீலை நம்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாக்டரை நம்புகிறவனும் மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருப்பான் அல்லவா? உங்கள் சி.என்.ஆர். எண்ணை இன்றே டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்கம்பக்கத்தாருக்கும் தேடிக் கொடுங்கள். அதற்குக் காசு வாங்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்