கித்துல்கல படகுகளும் எலிக்காய்ச்சலும்

எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா பக்டீரியா கடலின் உப்புநீரில் அதிக நேரம் தாங்காது. நன்னீரிலும் ஈரச் சேற்றிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே எலிக்காய்ச்சலைப் பொறுத்தவரை கடற்கரையைவிட இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களே கவலைக்குரியவை.

எலி, மாடு போன்றவற்றின் சிறுநீரில் வெளியேறும் இக்கிருமி, தோல் கீறல், கண், வாய் வழியாக உடலுக்குள் செல்கிறது. வயல், மாணிக்கக்கல் குழி, வெள்ளம் வடிந்த களுகங்கைக் கரை, தோட்டத்துக் கான் எல்லாம் அதற்கு வாய்ப்பான இடங்கள். வெறுங்காலோடு கான் வெட்டுவோரை இந்நோய் பற்றிய பேச்சில் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்ச் சந்தேகத்தில் பதிவாகினர்.

களனி கங்கையில், கித்துல்கலவில் நடக்கும் படகுச் சவாரியும் விலக்கல்ல. 2000இல் மலேசியாவின் சபா மாநிலத்தில் நடந்த சாகசப் போட்டியில், செகாமா ஆற்றில் இறங்கிய வீரர்கள் பலருக்கு எலிக்காய்ச்சல் தொற்றியது. அதற்காகச் சவாரியைத் தடை செய்வது மிகை. காயமுள்ளவர் தண்ணீரில் இறங்காமலிருப்பதும், பெருவெள்ளத்துக்குப் பின் சில நாள் பொறுப்பதும் போதும்.

வயலிலும் குழியிலும் வேலை செய்வோருக்கு வாரம் ஒருமுறை விழுங்கும் டொக்ஸிசைக்கிளின் மாத்திரை உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு இருந்தால், சேற்றில் இறங்கியதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

– வாசகர், எட்டியாந்தோட்டை