சாம்பலின் யாத்திரை

குடவாசல் பக்கத்துக் களங்களில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு சாஸ்திர உண்மையை எளிதில் விளக்கிவிடலாம். முறத்திலிருந்து சரியும் கனத்த மணி காலடியிலேயே குவிகிறது. பதர் சற்றுத் தள்ளி விழுகிறது. தூசியோ காற்றோடு கலந்து அடுத்த தெருத் திண்ணை வரை போய்விடுகிறது. எரிமலை கக்கும் சாம்பலும் இந்த நியாயத்துக்கு உட்பட்டதே.

சுமத்திராத் தீவில் தோபா என்றொரு ஏரி இருக்கிறது. நீளம் சுமார் 100 கிலோமீட்டர். அதற்குத் தென்மேற்கே, கடற்கரையிலுள்ள பாருஸில், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-ஆம் ஆண்டில் தமிழிலேயே கல்வெட்டு நாட்டினர். ஆகவே அந்தப் பிரதேசம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. ஆனால் அதற்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் வணிகர் காலத்தில் தொடங்கியதுமன்று!

சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் எரிமலை வெடித்தது. பூமிக்குள் இருந்த பாறைக் குழம்பு 2,000 கன கிலோமீட்டருக்கு மேல் வெளிப்பட, மேல்தரை உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளந்தான் இன்றைய ஏரி.

அடுப்புச் சாம்பலைப் போன்றதன்று எரிமலைச் சாம்பல். குழம்பில் அடைபட்ட வாயுக் குமிழிகள் வெடிக்கையில் சிதறும் கண்ணாடித் தூள் அது. மெல்லிய அத்துகள்கள் மேல்வானக் காற்றில் ஏறி, கடலைக் கடந்தன. தோபாவுக்கும் குடவாசலுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர். அதற்கும் அப்பால், மத்தியப் பிரதேசத்துச் சோன் நதிப் பள்ளத்தாக்கிலும், 7,000 கிலோமீட்டர் தாண்டி ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியடியிலும் அந்தச் சாம்பல் அகப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் எரிமலையின் கண்ணாடிக்கும் தனி ரசாயனச் சேர்க்கை உண்டு. அதைக் கொண்டே விஞ்ஞானிகள் அதன் கோத்திரத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆந்திர நாட்டு ஜ்வாலாபுரத்தில், மழைநீர் அடித்துக்கொண்டு வந்து சேர்த்த சாம்பல் இரண்டு மீட்டருக்கு மேல் படிந்திருக்கிறது. அதன் அடியிலும் மேலும் கற்கருவிகள் கிடைத்தன. இரண்டும் ஒரே ஜாடை. பேரழிவுக்குப் பின்னும் இந்நாட்டில் மனிதர் பிழைத்திருந்தனர் என்று 2007-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் முடிவு கூறினர். மறுப்பவர்களும் உண்டு. மேலும் தோண்டித்தான் வழக்குத் தீரவேண்டும்.

ஆனால் சாட்சி மிஞ்சவேண்டுமே! பாத்திரம் துலக்கும் பொடிக்காகவும் சலவைப் பொடிக்காகவும் அச்சாம்பலை வெட்டி எடுத்து விற்றிருக்கிறார்கள். ஏழைகளின் கூலியை நாம் குறை கூறவில்லை. கோயிற் கல்வெட்டைக் காப்பது போலச் சில படிவுகளையாவது வேலியிட்டுக் காப்பது சர்க்காரின் கடமை என்கிறோம். துலக்குவதற்கு வேறு பொடி எத்தனையோ கிடைக்கும். இந்த ஏடு மறுபடி கிடைக்காது.