ஏழு ‘மன்னே’வுக்குப் பிறகு

பொம்மிடியில் எங்க தாத்தா இறந்த அன்னைக்கு, ஒப்பாரி வைத்த ஆயாக்கள் ஒவ்வொரு அடி முடிவிலும் ஒரே விளியைத் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. யாரும் அசை பிரிச்சுப் பாடல.

நம்ம தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூறு 235. துறை கையறுநிலை, பா ஆசிரியப்பா என்று எழுதி மதிப்பெண் வாங்கினதோட அதை விட்டுட்டோம்.

கொஞ்சம் எண்ணிப் பாருங்க. ‘மன்னே’ ஏழு தடவை வருது. ‘மன்’ இங்கே கழிவுப்பொருள் தரும் இடைச்சொல்: அப்போ இருந்தது, இப்போ இல்லை. கள் கொஞ்சம் கிடைச்சா, நிறைய கிடைச்சா என்று நினைவுகள் ஜோடி ஜோடியா வருது. ‘சிறிய’, ‘பெரிய’ இரண்டிலும் இரண்டாம் எழுத்து றி, ரி. முழு எதுகை இல்லை; காதுக்கு ஜோடிதான். நாற்சீர் அடியும் இடையில் குறுகுது.

அப்புறம் வேல் வருது. அவன் மார்பைத் துளைத்த வேல், பாணர் கலத்தையும் துளைத்து, புலவர் நாவில் போய் விழுது. அதற்குப் பிறகு ஒரு ‘மன்னே’கூட இல்லை. நம்ம பாஷையில் சொன்னா, லூப்பை விட பிரேக்தான் இங்கே செய்தி.

யாப்பு வேண்டாம்னு சொல்லல. சீரை எண்ணுங்க, எதுகையைத் தேடுங்க. எண்ணி முடிச்சதும், “ஏன் இங்கே நின்னுச்சு?”ன்னு கேளுங்க.

அன்னைக்குப் பாடையைத் தூக்கினதும் ஆயாக்கள் அந்த விளியை நிறுத்திட்டாங்க. ஏன்னு புரிய எனக்கு 235 தேவைப்பட்டுச்சு.