ஒரே கடல், இரண்டு சான்றிதழ்கள்

அமெரிக்கக் கடற்படையில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வுபெறும் ஒருவர் வணிகக் கப்பலில் வேலை தேடும்போது, தீயணைப்பதையும் கடலில் உயிர்தப்புவதையும் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து கற்கவேண்டிய நிலை நெடுங்காலம் நிலவியது. இவற்றின் அடிப்படைகளை, படையில் சேர்ந்த தொடக்க வாரங்களிலேயே, சிக்காகோவுக்கு அண்மையிலுள்ள கிரேட் லேக்ஸ் பயிற்சி நிலையத்தில் அவர் கற்றிருப்பார்.

இந்த முரண்பாட்டுக்குச் சட்டரீதியான காரணம் ஒன்றுண்டு. மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றளிப்புக்குமான சர்வதேச உடன்படிக்கை 1978 இல் உருவானது. அது போர்க்கப்பல்களைக் கட்டுப்படுத்தாது. எனவே கடற்படை தன் வழியிற் பயிற்றுவித்தது. வணிகக் கப்பற்றுறை உடன்படிக்கையின் வழியிற் சென்றது. ஒன்றின் சான்று மற்றதில் தானாகச் செல்லுபடியாகவில்லை. இத்தனைக்கும், வணிக மாலுமிகளுக்கு அங்கே சான்றுப்பத்திரம் வழங்குவது கரையோரக் காவற்படை. அதுவும் அந்நாட்டின் ஆயுதப்படைகளுள் ஒன்றே!

2019 மார்ச்சில் ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் பிறப்பித்த நிறைவேற்று ஆணை, படைப் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் உரிய மதிப்பளிக்குமாறும், சேவையிலுள்ளோருக்கு உரிமக் கட்டணங்களைத் தள்ளுபடிசெய்ய வழிவகுக்குமாறும் பணித்தது. இது வெறும் சலுகை அன்று, நாட்டின் தேவை. சிவில் மாலுமிகள் போதாமையால், கடற்படைக்கு உதவும் 17 கப்பல்களைச் சேவையிலிருந்து விலக்கி நீண்டகாலப் பராமரிப்பில் வைக்கும் தீர்மானம் 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆளில்லை என்று கப்பலை நிறுத்துவதும், கடலறிந்தவரை வாசலில் காக்கவைப்பதும் ஒரே அரசின் செயல்களாயின் அதை என்னவென்பது?

ஆயினும், சீருடை அணிந்தவர் என்பதற்காகக் கண்ணைமூடிக்கொண்டு சான்றிதழை நீட்டவும் முடியாது. 2017 இல் பிட்ஸ்ஜெரால்ட், ஜோன் எஸ். மெக்கெயின் ஆகிய அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வணிகக் கப்பல்களுடன் மோதியதில் 17 கடற்படையினர் மாண்டனர். கப்பல் செலுத்தும் பயிற்சியிலிருந்த குறைபாடுகளைக் கடற்படையின் விசாரணைகளே சுட்டிக்காட்டின. படைக்கப்பலிற் கழித்த நாட்களுள் வழக்கமாக 60 வீதத்தை மட்டுமே கடலோடிய காலமாகக் கணக்கிட்டு வந்ததிலும் நியாயம் உண்டு. போர்க்கப்பல் துறைமுகத்திற் கட்டப்பட்டுக் கிடக்கும் நாட்களும் பலவல்லவா?

எனவே பரீட்சை வேண்டும். பாடத்தை மீண்டும் படிக்கும் கட்டாயம் வேண்டாம். கற்றதை நிரூபிக்கச் சொல்வது பாதுகாப்பு. கற்றதையே காசு கொடுத்து மறுபடி கற்கச் சொல்வது வீண்செலவு. படையின் பயிற்சிநெறி ஒவ்வொன்றையும் உடன்படிக்கையின் தரத்தோடு ஒப்பிட்டு முன்கூட்டியே அங்கீகரிப்பதும், வீரர் விடைபெறும் நாளிலேயே அவரது கடற்சேவைப் பதிவைச் சிவில் அதிகாரிகள் ஏற்கும் வடிவிற் கையளிப்பதும் அரசின் கடமை. அவருக்குப் பயிற்சியளித்ததும் அரசு, பதிவேடுகளை வைத்திருப்பதும் அரசு. அப்படியிருக்க, ஆவணங்களைத் தேடி அலையும் சுமை மட்டும் ஏன் அவர் தலையில்?

ஊரில் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் இருந்துவிட்டுப் புலம்பெயர்ந்த மண்ணில் மீண்டும் பரீட்சை மண்டபங்களின் முன் வரிசையில் நின்ற நம்மவர்களுக்கு இதன் வலியை விளக்கவேண்டியதில்லை. அவர்களாவது வேறொரு நாட்டின் கதவைத் தட்டினார்கள். இந்த மாலுமியோ தன் சொந்த நாட்டின் கதவையே தட்டுகிறார்.