சத்தம் வேறு, வேகம் வேறு சாமி!

புனே, அகமதாபாத், பெங்களூரு என்று பிழைக்க வந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுக்காத நம்ம ஊர்க் குடும்பம் குறைவு. டியூஷனுக்கும் காலேஜுக்கும் பஸ்ஸை நம்பினால் ஆகாது, வாங்கித்தான் ஆகவேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. வாங்கின ஆறாவது மாதம் பையன் வந்து, "அப்பா, ஏர் ஃபில்டரை மாத்தி, கிளட்ச்ல கொஞ்சம் வேலை பண்ணினா வண்டி பறக்கும். அஞ்சாயிரம் குடுங்க" என்பான். நாமும் "ஆசைப்படறான், போகட்டும்" என்று எடுத்து நீட்டுகிறோம் பாருங்கள், சண்டை அங்கேதான்.

முதலில் காற்றுக் கணக்கு. 110 சிசி ஸ்கூட்டர் எஞ்சினின் சக்தி சுமார் 8 குதிரைத்திறன். புது ஃபில்டரால் 5 சதவீதம் கூடியதாகவே வைத்துக்கொள்வோம். எவ்வளவு வந்தது? 0.4. பின்னால் உட்காரும் நண்பனை இறக்கிவிட்டால் இதைவிட நன்றாக இழுக்கும் :-)

ஃபில்டர் பெட்டி சும்மா ஒரு பிளாஸ்டிக் டப்பா இல்லை. எஞ்சின் மூச்சு இழுக்கும் சத்தத்தை அடக்குவதும் அதுதான். அதில் ஓட்டை போட்டால் உறுமல் கேட்கும். அந்த உறுமலைத்தான் பையன்கள் "பவர்" என்கிறார்கள். கார்புரேட்டர் வண்டியில் ஜெட்டை மாற்றாமல் காற்றை மட்டும் கூட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகான வண்டிகளில் சென்சார் ஓரளவு சரிக்கட்டும், எல்லையில்லாமல் இல்லை. ஃபில்டரையே கழற்றிவிட்டால் நம்ம ரோட்டுப் புழுதி நேராக சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தேய்க்கும். நீலப்புகை வரும் அன்றைக்கு அந்த ஐயாயிரத்தைப் போலப் பல ஐயாயிரம் போகும்.

அடுத்தது கிளட்ச். ஸ்கூட்டரில் கியர் கிடையாது. முன்னால் வேரியேட்டர், அதற்குள் ரோலர்கள், நடுவில் பெல்ட், பின்னால் கிளட்ச். ரோலர் எடையைக் குறைத்தால் எஞ்சின் அதிக வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். புறப்படும்போது ஜிவ்வென்று இருக்கும், உண்மைதான். ஆனால் அதே நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுற்றுகிறது, மைலேஜ் இறங்குகிறது. கடினமான கிளட்ச் ஸ்பிரிங் போட்டால் ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்ச் ஷூ வழுக்கிச் சூடாகித் தேயும். நகரத்தில் சிக்னலுக்கா பஞ்சம்?

"வெளிநாட்டில் பனிவண்டிக்கு இதைத்தானே செய்கிறார்கள்?" என்று பையன் வீடியோ காட்டுவான். செய்கிறார்கள். அதிலும் இதே பெல்ட் ஏற்பாடுதான். ஆனால் 3,000 மீட்டர் மலையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. எஞ்சின் சக்தியும் அந்த அளவுக்கு விழும். விழுந்ததற்கு ஏற்றபடி கிளட்ச் எடையைக் குறைக்கிறார்கள். காரணம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. புனே இருப்பது சுமார் 560 மீட்டரில். குறைவது 5 சதவீதம்தான். கம்பெனிக்காரன் இதெல்லாம் தெரியாமலா வண்டியை விற்கிறான்?

இப்போது நம்ம தொழில் பக்கம் வருகிறேன். வண்டி பெரும்பாலும் அப்பா பேரில். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் கேட்பது உரிமையாளரை, பையனை இல்லை. "ரோலர் எடை ஆர்.சி. புக்கில் எங்கே இருக்கு?" என்று வாதாடலாம். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் முன்னால் நின்றுகொண்டு அதை வாதாட உங்களுக்குத் தெம்பு இருக்கிறதா? மாற்றியதைச் சொல்லாமல் மறைத்திருந்தால் கிளெய்மில் சிக்கல் வரும். கடன் முடியாத வண்டி என்றால் தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வரும்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். வண்டியின் பிரேக் பழைய பிரேக்தானே? புறப்படும் வேகத்தைக் கூட்டுகிறவன் நிற்கும் தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சொந்தபந்தம் எல்லாம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்க, ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கப்போவது நீங்களும் வீட்டம்மாவும் மட்டும்தான்.

"அப்போ வண்டி மந்தமா இருக்கே, என்ன செய்ய?" நியாயமான கேள்வி. வாங்கி நாலைந்து வருஷமான வண்டி என்றால் ஃபில்டர் அடைத்திருக்கும், பெல்ட் தேய்ந்து ஒல்லியாகியிருக்கும், ரோலர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டரில் இவற்றை அதே அளவுக்குப் புதிதாக மாற்றுங்கள், தொலைந்த பிக்கப் திரும்ப வரும். பையனையும் கூடவே கூட்டிப் போங்கள். வேரியேட்டர் மூடியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்கட்டும், தேய்ந்த ரோலரைக் கையில் வாங்கி உருட்டிப் பார்க்கட்டும். மெஷின் மேல் ஆசை இருக்கிற பிள்ளைக்கு அந்த அரை மணி நேரம் போதும், பாதி விஷயம் தானே புரியும்.